மார்லிஸின் காகித மீன்கள்

எங்கள் மீன் வளர்ப்போர் சங்கத்தில் தட்டைமூக்குக் கெளுத்தி வாங்குவது பெண் கேட்டுப் போவதைவிடக் கஷ்டம். பையில் நீந்தும் குஞ்சு விரல் நீளம்தான் இருக்கும். வாத்தின் அலகு மாதிரி தட்டை மூக்கு, முன்னால் துழாவும் நீண்ட மீசை. பார்த்தவுடன் யாருக்கும் ஆசை வரும். ஆசை வந்தவர் முதலில் தன் வீட்டுத் தொட்டியின் நீள அகலத்தைச் சொல்ல வேண்டும். மார்லிஸ் ஸாஸ்ட்ரோ அதே அளவில் தரையில் டேப்பை ஒட்டி ஒரு கட்டம் போடுவாள். பிறகு ஒரு நீண்ட அட்டைக் குழாயிலிருந்து காகித மீன் ஒன்றை உருவி எடுப்பாள். கறிக்கடைக் காகிதத்தில் வெட்டியது, அந்தக் குஞ்சு முழுதாக வளர்ந்தால் என்ன நீளமோ அந்த நீளம். அதைக் கட்டத்துக்குள் வைத்து, வாங்குகிறவர் அல்லாத இன்னொருவர் ஒரு முழுச் சுற்றுத் திருப்ப வேண்டும். மூக்கோ வாலோ டேப்பைத் தொட்டால் மீன் கிடையாது. அப்பீலும் கிடையாது.

இருபத்திரண்டு வருடங்களாக மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மதியம், மேனிட்டோவாக் என்ற ஏரிக்கரை ஊரில் ஒரு தேவாலயக் கூடத்தில் இது நடந்துகொண்டிருக்கிறது. நான் சங்கத்தின் செயலாளர். தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் என்பதால் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்பதெல்லாம் என் நோட்டுகளில் இருக்கிறது. தோற்றவர்கள்தான் அதிகம்.

மார்லிஸ் மாவட்டச் சாலைத் துறையில் பனி அள்ளும் லாரி ஓட்டியவள். இருபத்தேழு குளிர்காலம். ஏரிக்காற்றில் எதிரே எதுவும் தெரியாத நாளில் பன்னிரண்டு டன் வண்டியை நேராக ஓட்டுகிறவளிடம் நீங்கள் போய் "ஒரு அங்குலம்தானே, விட்டுக் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? ஒரு முறை கிரீன் பே பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், நல்ல சட்டை, நல்ல கார். புலித் தட்டைமூக்கன் குஞ்சைக் கேட்டார். அது நாலடி வளரும் ஜாதி. அவர் தொட்டியோ மொத்தமே மூன்றடி.

"தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் மீன் வளரும்னு கடையில சொன்னாங்களே," என்றார்.

"உங்க பையனுக்குச் சின்ன செருப்பா வாங்கிப் போட்டு வளத்தீங்களா? கால் அதுக்குள்ளயே நின்னுடுச்சா?" என்றாள் மார்லிஸ்.

அவர் அதற்குப் பிறகு வரவில்லை. நல்லதுதான்.

அவளுக்கு இந்தப் பிடிவாதம் சும்மா வரவில்லை. அவளும் முதலில் கடைக்காரன் பேச்சைக் கேட்டு ஏமாந்தவள்தான். முதல் புலித் தட்டைமூக்கனைச் சின்னத் தொட்டியில் வைத்து, அது கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்து மூக்கு ரணமாகிப் போனதைப் பார்த்தாள். அதைப் பெரிய தொட்டி வைத்திருந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மறுநாளே கறிக்கடையில் போய் ஆறடிக் காகிதம் வாங்கி வந்தாள். கெளுத்திகளைப் பற்றி அவளிடம் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் இருந்தது. அதில் ஒவ்வொரு ஜாதிக்கும் போட்டிருந்த நீளத்தைப் பார்த்துப் பதினொரு காகித மீன்கள் வெட்டினாள். அப்புறம் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் பலகையும் கண்ணாடியும் வைத்துப் பத்தடித் தொட்டியைத் தானே கட்டினாள். அதில் பதினேழு வருடம் இருந்த புலிக்கு பிஷப் என்று பெயர். போன இலையுதிர் காலத்தில் கிழவனாகி, படுத்த இடத்திலேயே போய்விட்டது. அவள் அழுதாள், மறைக்கவில்லை.

பிஷப் போன கையோடு அவளுடைய முழங்கால் இரண்டும் போயின. ஒன்றை மாற்றியாயிற்று, இன்னொன்று வரிசையில் நிற்கிறது. கீழ்த்தளத்துக்குப் படி இறங்க முடியாதவளுக்கு அந்த வீடு எதற்கு? விற்றுவிட்டு ஆற்றோரம் ஒரு தரைத்தளக் குடியிருப்பைப் பேசி முடித்தாள். ஜூனில் குடிபோக வேண்டும். அங்கே மேனேஜர் ஒரே ஒரு தொட்டிக்குத்தான் சம்மதித்தார். எழுபத்தைந்து கேலன், அதாவது நாலடி நீளம், பதினெட்டு அங்குல அகலம். அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது.

"ரோலி, எனக்குப் பூனை வேண்டாம், பெரிய டிவி வேண்டாம்," என்றாள் என்னிடம் ஒரு நாள் காரில். "காலையில காபியோட உக்காந்தா எதிர்ல ஒரு தட்டைமூக்கு இருக்கணும். அது இல்லேன்னா அது எனக்கு வீடே இல்ல. ஆஸ்பத்திரி வராந்தா."

அவள் இப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. அதனால்தான் எனக்கு அது மனதில் தங்கிவிட்டது.

சின்ன ஜாதியாகத் தேட வேண்டும் என்று சங்கமே கிளம்பியது. ஆளாளுக்கு யோசனை. ஒருவர் பிக்டஸ் கெளுத்தியைக் காட்டினார். வெள்ளி உடம்பில் கறுப்புப் புள்ளி, நாலைந்து அங்குலத்துக்கு மேல் போகாது, துறுதுறுவென்று ஓடும். மார்லிஸ் ஒரு பார்வை பார்த்தாள். "நான் தட்டைமூக்கு கேட்டா நீங்க மூஞ்சூறைக் காட்டறீங்க," என்றாள்.

மிச்சம் இருந்தது இரண்டுதான். ஒன்று லைமா. மூக்கிலிருந்து வால்வரை கறுப்புக் கோடு, செடித் தண்டுகளுக்கு நடுவில் தானும் ஒரு தண்டு மாதிரி தலைகீழாக நிற்கும் மீன். புலியோடு பார்த்தால் பாதிகூட வராது. இன்னொன்று மெலிந்த லைமா. அதே ஜாடை, அதைவிடச் சின்னது, ஒடிசலானது. பதினெட்டு அங்குலத் தொட்டிக்கு அதுதான் அளவெடுத்துத் தைத்தது. ஆனால் எங்கே கிடைக்கும்? தென் அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டிகளில் எப்போதாவது தெரியாமல் கலந்து வந்தால் உண்டு. ஆறு வருடத்துக்கு முன் ஆர்லன் குபிட்ஸுக்கு ஒன்று மாட்டியது. ஆர்லன் எட்டாவது தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவன். அதற்குப் பிறகு இந்த மாநிலத்தில் யாரும் இன்னொன்றைக் கண்ணால் பார்க்கவில்லை.

ஆக, லைமா. அதைக் கொண்டு வருகிறேன் என்று சொன்னவன் கோர்டி ஃப்ளூக். இது எல்லோருக்கும் ஆச்சரியம். கோர்டி கிரேன் தொழிற்சாலையில் நாற்பது வருடம் லேத்தில் நின்றவன், ஓய்வு பெற்ற பிறகும் அளவுகோலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவன். எட்டு வருடத்துக்கு முன் புள்ளித் தட்டைமூக்கன் ஒன்றுக்கு ஆசைப்பட்டு, காகித மீனிடம் அரை அங்குலத்தில் தோற்றான். அந்தக் கோபத்தில் வீட்டுக்குப் போய் எட்டடித் தொட்டி கட்டி, அதில் லைமாக்களை விட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும், யாராவது தோற்கும்போதெல்லாம், "அரை அங்குலம்! அம்மா தாயே, அரை அங்குலம்!" என்று முணுமுணுப்பான். அப்படிப்பட்டவன் மார்லிஸுக்காகவே இரண்டு குஞ்சுகளை வாங்கி, நாலு மாதம் மண்புழுவும் இறாலும் நறுக்கிப் போட்டு வளர்த்திருந்தான்.

மே மாதக் கூட்டத்தில் காபி ஆயிற்று, ருபார்ப் கேக் துண்டுகள் ஆயிற்று. கோர்டி பையை மேசைமேல் வைத்தான். துடுப்பு முள் குத்தாமல் இரட்டைப் பை, நடுவில் செய்தித்தாள். மார்லிஸ் கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு, தன் புதுத் தொட்டியின் அளவுக்கு டேப் ஒட்டச் சொன்னாள். குனிய முடியாததால் நான் ஒட்டினேன். மூன்று தடவை சரிபார்க்க வைத்தாள்.

"ஊருக்குத்தான் உபதேசமோன்னு பாத்தேன்," என்றான் கோர்டி.

"எனக்கும் சேத்துத்தான் சட்டம். நீ திருப்பு. நான் தொட மாட்டேன்."

லைமாவின் காகித மீன் பதினேழு அங்குலம். கோர்டி முட்டி போட்டு அதைச் சுற்றினான். மெதுவாக, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி. அகலவாக்கில் வந்தபோது இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் மீதி இருந்தது. கூடம் முழுக்கக் கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள். மார்லிஸின் முகம் சின்னப் பெண் முகம் மாதிரி ஆகிவிட்டது.

கோர்டி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"என்னய்யா, முட்டி பிடிச்சுக்கிச்சா? எனக்குத் துணையா வர்றியா?" என்றாள் மார்லிஸ்.

"இல்ல," என்றான். "மார்லிஸ், அந்தப் புத்தகத்தைக் குடு."

"எதுக்கு?"

"குடேன்."

புத்தகம் எப்போதும் அவள் பையில்தான் இருக்கும். கோர்டி அதைத் திறந்து முன்பக்கங்களைப் புரட்டி, என்னிடம் நீட்டினான். "ரோலி, சத்தமா படி. எனக்கு வாய் வராது."

அது முன்னுரை. படித்தேன். இந்த நூலில் தரப்பட்டுள்ள நீளங்கள் யாவும் மூக்கு நுனியிலிருந்து வால்துடுப்பு தொடங்கும் இடம் வரை எடுக்கப்பட்டவை. வால்துடுப்பு கணக்கில் சேராது. மீன் ஆராய்ச்சிக்காரர்கள் அப்படித்தான் அளப்பார்களாம். வால் அடிக்கடி கிழியும், கடிபடும், அதை நம்பி அளக்க முடியாது என்று காரணமும் போட்டிருந்தது.

கூடத்தில் முப்பது பேர் இருந்தோம். ஆளுக்கு நாலு மீன் புத்தகம் வைத்திருப்பவர்கள். ஒருவர்கூட முன்னுரையைப் படித்ததில்லை. முன்னுரையை யார் படிக்கிறார்கள்?

"உன் காகித மீன்ல வாலையும் சேத்துப் பதினேழு," என்றான் கோர்டி தரையைப் பார்த்துக்கொண்டு. "புத்தகத்துல வாலைச் சேக்காம பதினேழு. போன வாரம் என்கிட்ட இருக்கற பெரிய லைமாவை அளந்து பாத்தேன். நீ சந்தோஷப்படுவேன்னுதான் அளந்தேன். முழுசா இருபது வந்துச்சு. மொதல்ல என் அளவுகோல்தான் தப்புன்னு நெனச்சேன். அப்புறம் மகன்கிட்டச் சொல்லி இதே புத்தகத்தை வரவழைச்சுப் படிச்சேன்."

"ஒரு வாரமா தெரியுமா?"

"வந்ததும் சொல்லிடணும்னுதான் வந்தேன். உன் மூஞ்சியைப் பாத்தேன். வாய் வரல."

மார்லிஸ் கையை நீட்டினாள். யாரோ கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். செய்தித்தாளில் மூன்று அங்குலம் வெட்டி, காகித லைமாவின் பின்னால் ஒட்டினாள். டேப்பைக் கிழிக்க இரண்டு தடவை முயன்றாள்.

"திருப்பு," என்றாள்.

கோர்டி திருப்பினான். அகலவாக்கில் வந்தபோது செய்தித்தாள் வால் கட்டத்தைத் தாண்டி இரண்டு அங்குலம் வெளியே கிடந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். வீட்டுத் தொட்டியில் அந்த அளவுக்கு வளராது என்றார் ஒருவர். வால் வளையும்தானே, எலும்பா என்றார் இன்னொருவர். நானும் வெட்கமில்லாமல் சொன்னேன்: "ரெண்டே அங்குலம் மார்லிஸ்."

அவள் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "இதே பேச்சை நான் இந்தக் கூடத்துல எத்தனை வருஷமா கேக்கறேன்? எவனுக்காவது விட்டிருக்கேனா?"

"எனக்கு விடல," என்றான் கோர்டி.

"உனக்கு விடல. வாலைச் சேத்திருந்தா நீ அரை அங்குலத்துல தோத்திருக்க மாட்டே. மூணு அங்குலத்துக்கு மேல தோத்திருப்பே. எட்டு வருஷமா சும்மா அழுதிருக்கே."

கோர்டி யோசித்தான். கணக்கு அவனுக்குப் புரிந்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்த்துக் கூடமே சிரித்தது. மார்லிஸும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பையை அவன் பக்கம் தள்ளினாள். "உன் எட்டடித் தொட்டியில கொண்டு போய் விடு. நல்லா வளத்திருக்கே."

அவ்வளவுதான், முடிந்தது என்று நான் நாற்காலிகளை மடிக்கப் போனேன். திரும்பிப் பார்த்தால் அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"ரோலி, நான் சரின்னு சொன்னவங்க எத்தனை பேரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோற்றவர்களைப் பற்றிக் கவலையில்லை. ஜெயித்தவர்கள்தான் ஆபத்து. வாலில்லாத அளவில் ஜெயித்தவர்கள். நோட்டுகளைப் புரட்டி எண்ணினேன். இருபத்திரண்டு வருடத்தில் இருபத்து மூன்று பேர். அதில் நாலு பேர் செத்தும் ஊர் மாறியும் போனார்கள். மிச்சம் பத்தொன்பது.

"ஒவ்வொரு வீட்டுக்கும் போகணும்," என்றாள்.

"போன் பண்ணிச் சொன்னா போதாதா?"

"போன்ல மீன் தெரியுமாய்யா?"

அவளால் ஓட்ட முடியாது, ஆகவே நான் ஓட்டினேன். வீடு காலி செய்ய மூன்று வாரம் இருக்கும்போது, பெட்டிகளைக் கட்டாமல், ஊர் ஊராகச் சுற்றினோம். முதல் வீட்டுக்குப் போகும்போது அவள் வாயே திறக்கவில்லை. ஏரிக்கரைச் சாலையில் நாற்பது நிமிடம் மார்லிஸ் பேசாமல் வந்தாள் என்று சொன்னால் சங்கத்தில் நம்ப மாட்டார்கள்.

முதல் வீடு லவான் டெஸ்கியுடையது. பள்ளி பஸ் ஓட்டுகிறவள். கதவைத் திறந்து மார்லிஸைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது. "எல்லாம் சுத்தமா வெச்சிருக்கேன், வேணா பாத்துக்கோ!" என்றாள், வணக்கம் சொல்வதற்கு முன்னால். உள்ளே போய்ப் பார்த்தால் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் ஒரு தொட்டி. அதில் ஒரு லைமா தண்ணீரில் சாவகாசமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

மார்லிஸ் என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன். "இதுல நாலடின்னுதானே இருக்கு?"

"நாலடிக்குத்தான் நீ சரின்னே," என்றாள் லவான். "வீட்டுக்கு வந்து யோசிச்சேன். மீன் ஒரு அங்குலம் கூடுதலா வளந்துட்டா இந்தப் பொம்பளை வந்து வாசல்ல நிப்பாளேன்னு பயமா இருந்துச்சு. பழசை வித்துட்டுப் பெருசா வாங்கிட்டேன். இப்ப பாரு, வந்து நிக்கறே."

இரண்டாவது வீட்டிலும் அதே கதை. மூன்றாவது வீட்டில் ஒருவர் மீனுக்காகச் சாப்பாட்டு அறைச் சுவரையே இடித்திருந்தார். அவர் மனைவி அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள், எங்களுக்குச் சீஸ் கட்டிகளைக் கொடுத்துக்கொண்டே. ஏழாவது வீடு வருவதற்குள் மார்லிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டாவது வீட்டுக்கு வரும்போது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா ரோலி? பாத்தியா?"

"பாத்தேன். உன் அளவு தப்பு. உன் வாய் இருக்கே, அதுதான் அத்தனை மீனையும் காப்பாத்தியிருக்கு."

இதை அவள் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். நான் பாராட்டாகத்தான் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் பதினெட்டு வீடு பார்த்தோம், பதினெட்டிலும் மீன் நன்றாக இருந்தது. எல்லோரும் அவளுக்குப் பயந்து ஒரு அளவு கூட்டியே வாங்கியிருந்தார்கள்.

ஆர்லன் கடைசி. கடை ஊருக்குள்ளேயே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தள்ளிப் போட்டிருந்தோம். சனிக்கிழமை காலை போனோம். நாற்காலியில் ஒருவர் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தார். தொட்டி ஜன்னலோரம், தெருவில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி. நாலடி நீளம், பதின்மூன்று அங்குல அகலம். மார்லிஸ் சரி என்று சொன்ன அதே தொட்டி. ஆர்லன் அவளுக்குப் பயப்படவில்லை. அவளை நம்பினான். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, சொன்ன அளவில் அப்படியே விட்டுவிட்டான்.

மெலிந்த லைமா ஒரு மரத்துண்டின் பக்கத்தில் இருந்தது. தலைக்குச் சற்றுப் பின்னால் அதன் உடம்பு இடது பக்கமாக வளைந்திருந்தது. அது நகர்ந்தபோது நன்றாகத் தெரிந்தது. கண்ணாடி வரை வந்து, இடது பக்கமாக மடங்கி, உரசிக்கொண்டே திரும்பிப் போனது. மறுபடி வந்தது. மறுபடி இடது பக்கம்.

"நடையைப் பாத்தியா?" என்றான் ஆர்லன் பெருமையாக. "எப்பவும் இடது பக்கம்தான் திரும்பும். ஒரு ஒயிலு அதுக்கு. கஸ்டமர் எல்லாம் இதைப் பாக்கவே சீக்கிரம் வந்து உக்காருவாங்க."

நான் வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். மார்லிஸ் கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "ஆர்லன், அது ஒயிலு இல்ல. அதுக்கு முதுகு வளைஞ்சுபோச்சு. தொட்டி பத்தல. அதைப் பண்ணினது நான்."

வாலைப் பற்றி, புத்தகத்தைப் பற்றி எல்லாம் சொன்னாள். ஆர்லன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான். நாற்காலியில் இருந்தவர் அசையாமல் இருந்தார், பாவம்.

"நீ சொன்ன அளவுதானே நான் வாங்கினேன்?" என்றான்.

"ஆமா. நீ ஒரு தப்பும் பண்ணல. நான் பண்ணினேன்."

"நிமிருமா?"

"நிமிராது. இடம் குடுத்தா இதுக்கு மேல வளையாது. அவ்வளவுதான்."

ஆர்லன் ஜன்னலைப் பார்த்தான். ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் நாற்காலி. அதைவிட அகலமான தொட்டி அங்கே நுழையாது என்று நான் உள்பட எல்லோருக்கும் தெரிந்தது. அப்புறம், "உன் புது வீட்டுல பதினெட்டு அங்குலம்னு கேள்விப்பட்டேன்," என்றான்.

"அதுக்காக நான் வரல," என்றாள் மார்லிஸ் வேகமாக. முகம் சிவந்துவிட்டது. "ஊரெல்லாம் நான் தேடின மீனு இதுதான். நான்தான் இதைக் கெடுத்தேன். இப்ப நானே தூக்கிட்டுப் போனா அது நியாயமா? எனக்கு வேணும்னு இதை நான் எடுக்க மாட்டேன்."

"வேணும்னு எடுக்காதே," என்றான் ஆர்லன். அவன் குரல் உயரவில்லை. "வளைச்சவ நீ. தெனம் காலையில எந்திரிச்சு அதைப் பாக்க வேண்டியவளும் நீதான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வருவேன். கதவைத் திறந்து வை."

அவளை அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவள் தலையை ஆட்டினாள். அப்புறம் ஆர்லன் திரும்பி, நுரைக்காரரின் இன்னொரு கன்னத்தை வழித்து முடித்தான்.

குடிபோன அன்று அவள் முதலில் பிரித்தது டேப். மெலிந்த லைமாவின் காகித மீனுக்கு வாலை ஒட்டிப் பதினாலு அங்குலமாக்கி, ஆர்லனையே திருப்பச் சொன்னாள். தாராளமாகத் திரும்பியது. வலை போட்டால் துடுப்பு முள் சிக்கும் என்பதால் ஒரு பிளாஸ்டிக் பெட்டியால் மீனை அள்ளி, ஆர்லன் மடியில் வைத்துக்கொள்ள, நான் இருபது மைல் வேகத்தில் ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள்.

இடம் கிடைத்ததும் மீன் ஜாலியாகச் சுற்றும் என்று நான் நினைத்தேன். அது சுற்றவில்லை. புதுத் தொட்டியிலும் பழைய தொட்டியின் அகலத்துக்குள்தான் நீந்தியது. முன்கண்ணாடி வரை வரும், பதின்மூன்று அங்குலத்துக்குள் இடது பக்கம் மடங்கும், போகும். மிச்ச ஐந்து அங்குலத்தில் தண்ணீர்தான் இருந்தது. ஜூன் போயிற்று. ஜூலை நாலு சுதந்திர தின வாணவேடிக்கை போயிற்று. ஞாயிறுதோறும் ஆர்லன் வந்து உட்கார்ந்து பார்த்தான். மார்லிஸ் தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து பார்த்தாள். மண்புழுத் துண்டை ஒவ்வொரு நாளும் வலது பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். சங்கத்தில் பதினொரு காகித மீனுக்கும் வால் ஒட்டி, முன்னுரையைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் மாட்டினாள். "படிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்," என்று எல்லோரையும் விரட்டினாள்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை. நான் கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மார்லிஸ். முதலில் ஒன்றும் கேட்கவில்லை, மூக்குறிஞ்சும் சத்தம்தான்.

"என்னாச்சு? கீழ விழுந்துட்டியா?"

"ரோலி," என்றாள். "வலது பக்கம் திரும்பிடுச்சுய்யா. பின்கண்ணாடி வரைக்கும் போய், முழுசா ஒரு சுத்து. எங்கேயும் தொடல. எங்கேயும் தொடவே இல்ல."

கடிதக் கட்டைக் கீழே வைத்தேன்.

"ஆர்லனுக்குச் சொல்லிட்டியா?"

"அவனுக்குத்தான் மொதல்ல சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"கடையைப் பூட்டற சத்தம்தான் கேட்டுச்சு. வந்துக்கிட்டிருக்கான்."